லட்டுவின் இடது காது

தோஸ்த்,

இன்று காலை மழை விட்டதும் வீடு முழுக்க உன் ஆட்டின் வாடை. தோல் ஊறும் தொட்டிகளின் காற்றைக் குடித்தே வளர்ந்த மூக்கு என்னுடையது, எந்த நாற்றத்துக்கும் அசையாது. இந்த ஈரக் கிடா வாடைக்கு மட்டும் திரும்பிப் பார்க்கிறது. ஆடு வந்தால் பின்னாலேயே நீயும் வருவாய் என்று அதற்குப் பழக்கம்.

லட்டு இப்போது என்னிடம்தான். நீ கண்ணை மூடிய மூன்றாம் மாதம் உன் மகள் ஷமாவுக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. ஹாஸ்டலில் ஆட்டைச் சேர்க்க மாட்டார்களாம், கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் ஏதோ வேண்டுதலுக்குக் கிடா வளர்ப்பதாகத் தெருவில் பேச்சு. எதிர்வீட்டுக்காரர் விருந்து எப்போது என்றே கேட்டுவிட்டார். என் மனைவியின் புகார் வேறு: "காலண்டரைத் திங்குது, கரண்ட் பில்லைத் திங்குது. நீங்க எழுதற கதைய மட்டும் மோந்து பாத்துட்டு வச்சிடுது."

மேசையில் கிடப்பதும் ஒரு கதைதான். யாரையோ இழந்த பிள்ளை ஒரு பிராணியின் சிநேகிதத்தால் தேறுவது போல, சிறுவர்களுக்காக, ஒரு பத்திரிகை கேட்டிருக்கிறது. ஒரு வாரமாக முதல் வரியைத் தாண்டவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

ஷமாவின் அம்மா, அவள் வாயில் 'அம்மி', இறந்தபோது அவளுக்கு எட்டு வயது. சாப்பிட்டாள், பள்ளிக்குப் போனாள், பேசவில்லை. அழவும் இல்லை. அந்த வருஷம் பக்ரீத்துக்கு இரண்டு மாதம் முன்பே நீ லட்டுவை வாங்கி வந்தாய். வளர்த்து, பிரியம் வைத்து, அப்புறம் குர்பானியாகப் பலி கொடுப்பதுதான் முறை என்பாய். அவள் அதன் இடது காதைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசத் தொடங்கினாள். கதவுக்குப் பின்னால் நின்று நீ கேட்டது ஒரு வரிதான்: "அம்மிகிட்ட சொல்லிடு, இன்னா?"

பண்டிகை நெருங்கியதும், நான் வருகைப் பதிவு எழுதும் தோல் கம்பெனி டைம் ஆபீசில் என் முன்னால் வந்து நின்றாய்.

"பசங்களுக்குக் கதை எழுதறியே, அவளுக்கு ஒண்ணு சொல்லேன்டா. ஆட்டை அவளே சிரிச்சிக்கினு அனுப்பணும்."

"நீயே சொல்லேன்."

"நான் தோல் பாக்கறவன். எனக்குப் பொய் வராது."

உண்மைதான். ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, கையால் தடவி, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம் என்று சாக்பீஸால் வட்டம் போடுவது உன் வேலை. இல்லாத குறையை நீ சொன்னதுமில்லை, இருக்கிற குறையை விட்டதுமில்லை. நானோ பொய்யாலேயே ஊருக்குள் கொஞ்சம் பேர் வாங்கியவன். உடனே ஒப்புக்கொண்டேன்.

உன் வீட்டு முற்றம். ஷமா லட்டுவின் மேல் சாய்ந்திருந்தாள். சந்தோஷமாக விடைபெற்றுப் போகும் ஆடு ஒன்றைப் பற்றி ஆரம்பித்தேன். பாதியில் அவள் நிமிர்ந்து, "அப்புறம், அங்கிள்?" என்றாள்.

கட்டிய மனைவியே இதுவரை என்னிடம் 'அப்புறம்?' என்று கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லில் மயங்கிக் கெட்டேன். காது பெரிதாக அறுந்த ஆடு குர்பானிக்கு ஆகாது என்று டீக்கடையில் நீ எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. கதையில் ஆட்டின் காதை முள்வேலியில் கிழித்துவிட்டேன். "இது ஆகாது" என்று திருப்பி அனுப்பினார்கள், கிழடாகும் வரை வாழ்ந்தது என்று முடித்தேன். ஷமா சிரித்தாள். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நீ கூப்பிட்டு ஓடிவந்தேன். லட்டு மூலையில் ஒடுங்கி நின்றது, கழுத்தெல்லாம் ரத்தம். உன் நூல் வெட்டும் கத்தரி தரையில் கிடந்தது. ஷமா உள்ளங்கையில் அறுந்த பாதிக் காதை ஏந்திக்கொண்டு என்னைத்தான் கேட்டாள்: "இனிமே ஆகாது இல்ல, அங்கிள்?"

நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ குந்தி உட்கார்ந்து, மேசையில் தோலைப் பார்ப்பது போலவே, அந்தக் காதின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாய்.

"ஆகாதும்மா. ரிஜெக்ட்."

அப்போதுதான் அவள் அழுதாள். அம்மா போன பிறகு முதல் தடவையாக, தெருவே திரும்பிப் பார்க்கும்படி. "அம்மி காதை வெட்டிட்டேனே, அப்பா!"

பண்டிகைக்கு வேறு ஆடு வாங்கினாய். என்னிடம் கோபப்படவில்லை. வாசலில் மட்டும் கேட்டாய்: "கதை கேக்கறவங்க கையில கத்தரி இருக்கும்னு யோசிக்க மாட்டியாடா?"

காயம் ஆறியதும் அவள் வலது காதுக்கு மாறிவிட்டாள். இடப்பக்கம் என்னை உட்காரவே விடவில்லை. "அது அம்மி பேசற பக்கம். நாம பேசக்கூடாது." அதற்கப்புறம்தான் நானும் கவனித்தேன், ஈயே இல்லாத நேரத்தில் அந்த அரைக் காது துடிப்பதை. நீ நம்பவில்லை. "பேஜார் பண்ணாதே, அது ஆட்டுக்குணம்" என்றாய். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போகத் தலையில் குல்லாவோடு, நீ லட்டுவின் இடப்பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பேசவில்லை. அந்தக் காதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாய். என்னைக் கண்டதும், "உண்ணி பாக்கறேன்டா" என்றாய். உனக்குத்தான் பொய் வராதே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷமா போன் செய்கிறாள். சாப்பாடு, பரீட்சை எல்லாம் முடிந்து கடைசியில்தான் கேட்பாள்: "இடது காது ஆடுச்சா, அங்கிள்? இப்ப அங்க ரெண்டு பேரு. ஜாஸ்தி ஆடணும் இல்ல?"

முதல் வாரம் பார்க்காமலேயே, "ஓயாம ஆடுதும்மா" என்றேன். அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் ஓசை வந்தது. எனக்குக் கத்தரி ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்ப் பார்த்து வந்துதான் பதில் சொல்கிறேன். ஆடவில்லையென்றால், ஆடவில்லை. "சரி அங்கிள், நாளைக்கும் பாருங்க" என்பாள்.

பத்திரிகைக் கதை முதல் வரியிலேயே நிற்கிறது. எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யாரோ ஒரு பிள்ளை, "அப்புறம்?" என்கிறது. அதன் கையைப் பார்க்காமல் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தாழ்வாரத்தில் லட்டு படுத்திருக்கிறது. நான் அதன் இடப்பக்கம் உட்கார்ந்து, உன்னைப் போலவே அந்தக் காதைப் பார்த்துக் காத்திருக்கிறேன். ஈ இல்லை. உண்ணியும் இல்லை, தடவிப் பார்த்துவிட்டேன். இந்தப் பக்கம் பேசக்கூடாது என்பதால்தான், தோஸ்த், இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.