மாமியாரின் மூன்றரைக் கால்

மார்ச் 4
மாமியாருக்குக் கட்டு மாற்றினேன். வீட்டுக்காரரைப் பெற்றவள் இல்லை. அந்தப் புண்ணியவதி எப்போதோ போய்ச் சேர்ந்தாள். இது ஆய்வுக்கூடத்து ஏழாம் நம்பர் ஆடு. அதே முறைப்பு, அதே அசைபோடல், அதனால் அந்தப் பெயர். பின்னங்கால் எலும்பில் இரண்டு விரல் அகலம் வெட்டி எடுத்து, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையான துண்டை வைத்திருக்கிறார்கள். அதில் அவளுடைய மஜ்ஜையிலிருந்தே எடுத்த ஸ்டெம் செல். பஞ்சு கரையக் கரைய எலும்பு வளருமாம்.

மார்ச் 9
மூன்றரை.
(முழுசாக ஊன்றினால் நாலு, நுனி மட்டும் பட்டால் மூன்றரை, தூக்கிக்கொண்டால் மூன்று. இது என் கணக்கு.)

மார்ச் 12
ஆராய்ச்சி செய்கிற கண்ணாடித் தம்பி வீடியோ எடுத்தான். "அக்கா, தீவனத்தக் காட்டுங்க, நடக்கட்டும்." காட்டினேன். தின்னி! நாலு காலில் ஓடிவந்தாள். "உனக்கும் இப்படி ஒருத்தி தட்டோட நின்னாத்தான் கல்யாணம் நடக்கும்போல" என்றேன். சிரித்தான். அவன் போனதும் காலைத் தூக்கிக்கொண்டாள். மூன்று.

மார்ச் 15
தபால்காரர் ஒருவர் கட்டையூன்றி வந்தார். கால் எலும்பு நொறுங்கியவர். அடுத்த மாதம் அவருக்கும் இதே பஞ்சு. தம்பி வீடியோவைக் காட்டினான். "இவளே ஓடுறா, நான் ஓடமாட்டேனா அக்கா?" என்றார். தீவனத் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மார்ச் 16
சீ.
"தம்பி, சும்மா நிக்கிறப்ப அவ ஊன்றதே இல்லடா."
"வீடியோல ஊன்றாளே. நீங்க கூட்டிப் பெருக்குங்கக்கா."
அவன்மேல் கோபம் கோபமாக வருகிறது. ஆனா தட்டைக் காட்டின கை யாருது? சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவுறேன், தீவன நாத்தம் போகுதா பாரு!

மார்ச் 17
இந்த நோட்டைப் பெரிய டாக்டரம்மாவிடம் நீட்டினேன். ஐந்தாவதோடு நின்ற கையெழுத்து. சிரிப்பார் என்று நினைத்தேன்.
"மூன்றரைன்னா?"
சொன்னேன். சிரிக்கவில்லை. எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

மார்ச் 18
எலும்பு வளருமுன்பே பஞ்சு கரைந்துவிட்டதாம். நடுவில் வெறும் இடைவெளி.

மார்ச் 21
மாமியாருக்குக் கடைசி ஊசி. கொட்டிலைக் கழுவினேன். முறைக்க ஆளில்லை.

மே 6
மெதுவாகக் கரையும் பஞ்சோடு புது ஆடு. தபால்காரர் கட்டையோடுதான் வந்தார். ஆபரேஷன் தள்ளிப்போனதில் ஒரு மாதமாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசாதவர்.
"இவளுக்கென்ன பேரு?"
"நாத்தனார்."
கொஞ்சம் சிரித்தார். தீவனத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தேன். என் மூன்றரைக் கணக்கை அவருக்குச் சொன்னேன். இருவரும் அசையாமல் உட்கார்ந்து அவள் காலையே பார்த்தோம். ரொம்ப நேரம்.
"மூணு" என்றார்.
எழுதிக்கொண்டேன்.