என் நடை, உங்கள் பெயர்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. நான் தங்கை வீட்டுக்குப் போகிறேன்.

உங்கள் சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த, அடி எண்ணும் கைப்பட்டையை, "அரிக்குதுடி, நீ கட்டிக்கோ" என்று என் கையில் மாட்டினீர்கள். நான் பெருக்கித் துடைத்து நடந்ததெல்லாம் போனில் உங்கள் கணக்கில் ஏறியது. நேற்று அதை உங்கள் அக்காவிடம் காட்டி, "நான் எவ்வளவு நடக்கறேன் பாரு, இவ உக்காந்தே ஊதிட்டா" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்களுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாலையில் வீடியோ காலில் உங்களை நடக்கவைத்துப் பார்ப்பாராம். வேடிக்கை பார்க்க அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன்.

கைப்பட்டை உங்கள் சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது.

மாத்திரையை விழுங்கிவிடுங்கள். மயங்கி விழுந்து தப்பிக்கலாம் என்று பார்க்காதீர்கள்.

அக்காவுக்குக் காபி நீங்களே போடுங்கள். சமையலறைக்குப் போய்வருவதும் இனி உங்கள் கணக்குதான்.