பீடி குடிக்காதவனுக்கு

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாள் பன்னீர் திராட்சை விற்றுக்கொண்டிருந்தாள். கம்பத்திலிருந்து வந்த கூடை. பழத்தின் மேல் மஞ்சள் பூத்தது போல் ஒரு பொடி. ஒரு கொத்தைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனேன். கந்தகம். வாங்காமல் வைத்துவிட்டு நடந்தேன். அவள் பின்னாலிருந்து ஏதோ திட்டினாள். எனக்கு வந்த கோபத்தில் அது காதில் ஏறவில்லை.

கோபம் உன் மேல். உன் மேல் மட்டும் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களிடம் நேரிலேயே பேசிக்கொள்கிறேன். உனக்குத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நமக்கு அப்படி ஒன்றும் நெடுநாள் பழக்கம் கிடையாது. பங்குனிப் பொங்கலுக்கு நீ வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியை அடைத்திருந்த நேரம். நான் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு, வாத்தியாரான என் அப்பா முகத்தில் விழிக்கப் பிடிக்காமல், ரயிலடிச் சத்திரத்தில் கிடந்தேன். நீ எம். புதுப்பட்டியிலிருந்து பொருட்காட்சி பார்க்க வந்தவன். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு என் பக்கத்துப் பாயில் படுத்தாய். உனக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் மண்டி லாரி டிரைவர். மூன்று பேரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. காலையில் அவர் வெறும் வண்டியோடு கம்பம் போவதாகவும், திரும்பும்போதுதான் லோடு என்றும் சொன்னார். திராட்சைத் தோட்டம் பார்த்திருக்கீகளாப்பா என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய்.

"அண்ணே, பீடி குடிப்பீகளா?"

குடிப்பேன் என்றார். அப்படியானால் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாய்.

திருமங்கலம், உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய் எல்லாம் தாண்டும் வரை அந்த வெயிலில் தார்ப்பாய் மேல் உட்கார்ந்து வந்தாய். டீக்கடையில் வண்டி நின்றபோது உன்னைக் கேலி செய்தேன். கம்பெனியில் வெடிக்காதது கம்பம் ரோட்டில் வந்தா வெடிக்கப் போகிறது என்றேன். நீ உள்ளங்கையை விரித்துக் காட்டினாய். ரேகைக்குள் எல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது.

"சட்டை மடிப்புலயும் கெடக்குலே. எம்புட்டுத் தொவைச்சாலும் போவாது. என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எவனும் தீக்குச்சி ஒரசப்படாது."

டிரைவருக்குத் தெரிந்த ஒரு கத்தோலிக்கரின் தோட்டத்தில், பம்ப்செட் அறையில் தங்கினோம். விடிந்ததும் தோட்டக்காரர் துணி மூட்டையில் கந்தகப் பொடியைக் கட்டி, கொடிகளின் மேல் தட்டிக்கொண்டே போனார். இலையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க அங்கே அப்படித்தான் செய்வார்களாம். நானும் டிரைவரும் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டோம். திரும்பிப் பார்த்தால் நீ வேலிப் படலிடம் நிற்கிறாய். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த வீட்டுச் சாவியை அவிழ்த்துக் கல்லின் மேல் வைத்தாய். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாய். பிறகுதான் உள்ளே காலை வைத்தாய்.

என்னடா செய்கிறாய் என்று கேட்டேன். நீ குனிந்து உன் காலையே பார்த்தாய். செருப்பைக் கழற்றியது உனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"கந்தக வாடை வந்துச்சுல்லா," என்றாய்.

வெடிமருந்து அறைக்குள், உரசிப் பொறி கிளப்பும் எதையும் வெளியே வைத்துவிட்டு நுழைகிற பழக்கம். ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் அப்படி நுழைகிறவன் உங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவன் இருப்பான்? தோட்டக்காரர் வாயில் பீடி புகைந்துகொண்டிருந்தது. ஐயா அதை அணைச்சிருங்க, அப்பத்தான் வருவேன் என்று நடுப்பாதையில் நின்றுகொண்டாய். இது கொடிக்குப் போடுகிற பொடி தம்பி, வெடிக்காது என்று அவர் சொல்லிப் பார்த்தார். நீ அசையவில்லை. கடைசியில் அவர்தான் அணைத்தார். வெறுங்காலில் நடந்து உனக்கு நெருஞ்சி குத்தியது. டிரைவர் சிரித்துச் சிரித்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் அந்த மனிதர், பூசைக்கென்று அனுமதி வாங்கிப் போட்டிருந்த திராட்சை ரசத்தில் ஆளுக்கு அரை டம்ளர் ஊற்றினார். நீ குடித்துவிட்டு என்னை முறைத்தாய். "வாராவாரம் கோயிலுக்கு ஓடுறது இதுக்குத்தானாலே?" நாங்கள் கத்தோலிக்கர் இல்லை, எங்கள் சபை வேறு, அங்கே ஒரு ஸ்பூன்தான் என்றேன். "அப்ப இவுக கட்சிக்கு மாறிரு," என்றாய். பந்தலுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கொத்துப் பறிக்கிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். இவுக பேசிச் சிரிச்சுக்கிட்டே வேலை செய்யுதாக என்று ஆச்சரியப்பட்டாய். அன்று முழுக்க அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாய்.

அதே வருஷம் ஐப்பசி. தீபாவளிச் சீசன். கம்பெனிக் களத்தில் வெடிமருந்து காய்ந்துகொண்டிருந்தது. மேகம் கூடித் தூறல் விழுந்தது. ஈரம் பட்ட மருந்து தானாகவே சூடேறிப் பிடித்துக்கொள்ளும், தொடாமல் விட்டுவிட்டு ஓட வேண்டும் என்பது உங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். போர்மேனுக்கும் தெரியும். ஆர்டர் நிற்கிறது, அள்ளுங்கலே என்று கத்தினான். நீ போய் அள்ளினாய். தெரிந்தும் அள்ளினாய். உன் மேல் என் கோபம் இதற்குத்தான், இது தீராது.

மருந்து வெடித்து நீ செத்துப்போனதை மண்டியில் டிரைவர்தான் எனக்குச் சொன்னார். புதுப்பட்டியில் இறங்கி உன் வீட்டுக்கு வழி கேட்பதற்குள்ளேயே டீக்கடையில் காதில் விழுந்துவிட்டது. மருந்து பக்கத்தில் பீடி பற்ற வைத்தானாம். போர்மேன் சொன்னானாம். பீடி என்றால் கம்பெனி மேல் தப்பில்லை. செத்தவன் மேலேயே பழி, அவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்? என் அப்பாவும் அதையே சொன்னார். இவனுகளுக்குக் கவனம் பத்தாது என்றார். அன்றைக்கு அவரோடு பேச்சை விட்டவன்தான் நான்.

உன் அம்மா அழுதுகொண்டிருக்கவில்லை. என்னை உட்காரக்கூட விடாமல் கேட்டாள்.

"ஏய்யா, நீ அவங்கூட ஊரு சுத்துனவன். எம் மவன் பீடி குடிப்பானா?"

லாரியின் பின்னால் ஏறியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், இதை அங்கன வந்து சொல்லு என்று கூட்டிக்கொண்டு போனாள். விசாரணைக்கு வந்த அதிகாரி கம்பெனி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். போர்மேன் பக்கத்தில் நின்றான். என்ன வேலை பார்க்கிறாய் என்று முதலில் கேட்டார். ஒன்றும் இல்லை. படிப்பு? பாதியில் விட்டது. போர்மேன் சிரித்தான். நான் செருப்பைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், நடுப்பாதையில் நீ நின்றதைச் சொன்னேன்.

"ஏம்ப்பா, கம்பத்துல செருப்பைக் கழட்டுனா இங்க பீடி குடிக்கலைன்னு ஆயிருமா?" என்றார் அதிகாரி.

உன்னோடு களத்தில் நின்ற பெண்கள் சுவரோரமாகத் தலை குனிந்து நின்றார்கள். தூறலைப் பார்த்தவர்கள், அதை உன் அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னவர்கள் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து நான் கத்தப் போனேன். உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர்களிடம் பேசினாள்.

"நீங்க யாரும் வாயத் தொறக்க வேணாந்தாயி. நாளைக்கு நீங்க இங்கன வேலைக்கு வரணும். எம் மவன் பீடி குடிச்சதப் பார்த்தவுக இருந்தா, கைய மட்டும் தூக்குங்க."

போர்மேன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு கைகூட உயரவில்லை. ஒருத்தி இரண்டு கையையும் முந்தானைக்குள் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அதிகாரி பேனாவை எடுத்தார். காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். அறிக்கையிலிருந்து பீடி போயிற்று. தூறலும் அதில் ஏறவில்லை. போர்மேன் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான்.

எந்த ஊரிலும் தங்காத நான் இப்போது ஐப்பசி வந்தால் புதுப்பட்டியை விட்டு நகர்வதில்லை. வானம் கறுத்ததும் கம்பெனி வேலியோரம் போய் நிற்கிறேன். முதல் சொட்டு மேலே விழுந்ததும், அள்ளாதீக, விட்டுட்டு ஓடியாங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். வாட்ச்மேன் கல்லை விட்டெறிகிறான். போர்மேன் என்னைக் கிறுக்கன் என்கிறான். போன வாரம் தூறியபோதும் கத்தினேன். உள்ளே களத்தில் நின்ற பெண்கள் மருந்துத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்கள்.