கண்ணாடி வைத்த கதவுகள்

ஜூன் 3, செவ்வாய்

பாட அறைகளின் கதவுகளில் கண்ணாடி பதிக்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். இசைப்பள்ளி அவனுடையது, நடத்துவது நான். பெரும்பாலான நிறுவனங்கள் இப்படித்தான் பிழைக்கின்றன.

"சத்தம் வெளிய வராத அறைன்னு சொல்லித்தானே பிள்ளைங்களச் சேர்க்கிறோம்?" என்றான்.

அதுதான் சிக்கல் என்றேன். ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே என்ன நடந்தாலும் தெரியாது என்பதை நாம் ஒரு வசதியாக விற்கிறோம்.

"இப்ப இங்க என்ன நடந்துபோச்சு?"

"ஒண்ணும் நடக்கல. நடக்கறதுக்கு முன்னாடி செய்யலாம்னுதான்."

அவனுக்கு விளங்கவில்லை. தலையில் சொட்டிய பிறகுதான் அவன் கூரையைப் பார்ப்பான்.

ஜூன் 6, வெள்ளி

ஆசிரியர்கள் கூட்டம். புது விதிகளை எழுதிக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டேன். கண்ணாடியை எதனாலும் மறைக்கக் கூடாது. தொட்டுத் திருத்துவதானால் குழந்தையைக் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம். குழந்தைக்கு நேரடியாகச் செய்தி அனுப்பக் கூடாது. பள்ளிக்கு வெளியே பாடம் கிடையாது.

வயலின்காரர் எழுந்தே விட்டார். "என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"உங்களை மட்டும் இல்ல சார். எல்லாரையும்."

அது அவரை இன்னும் புண்படுத்தியது. தனியாகச் சந்தேகப்பட்டிருந்தால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சியிருக்கும். "கையைத் தொடாம வில்லைப் பிடிக்க எப்படிங்க சொல்லிக் குடுக்கறது? தபால்ல அனுப்பட்டுமா?" ஒவ்வொரு விதியாக எடுத்து வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்.

பியானோகாரர் மட்டும்தான் தங்கம். எல்லாருக்கும் முன்னால் கையெழுத்துப் போட்டார். "குழந்தைங்க விஷயம். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். இவரைப் போல இன்னும் இரண்டு பேர் இருந்தால் எனக்குத் தலைவலியே வராது.

ஜூன் 10, செவ்வாய்

கண்ணாடி பதித்தாயிற்று. "உள்ள என்ன பாம்பா வளர்க்கிறீங்க, எட்டிப் பார்க்கிறதுக்கு?" என்றார் தச்சர்.

"வயலின் சார்" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

வயலின்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. வேலை மளமளவென்று நடக்கிறது.

ஜூன் 14, சனி

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

வாலின் அம்மா வந்தார். வால் என்பது பியானோ கற்கும் பத்து வயதுப் பெண். ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் நாங்கள் வைத்த பெயர். "பியானோ சார் மாதிரி யாருங்க வருவாங்க? நாளையிலேருந்து ஞாயித்துக்கிழமைல அவர் வீட்டுலயே தனியாச் சொல்லித் தராராம். காசே வேணாங்கறார்" என்றார்.

அனுப்பாதீர்கள் என்றேன். நேராகப் பியானோகாரரிடம் போனேன்.

சிரித்தார். "அதெல்லாம் இங்க உள்ள விதி மேடம். என் வீடு என் வீடுதானே?"

"வெளிய பாடம் கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்."

"அதையெல்லாம் யாரு படிச்சா?"

படித்தவர் சண்டை போட்டார். படிக்காதவர் தலையாட்டினார். நான் யாரைத் தங்கம் என்று எழுதினேன்?

நடைவழி நாற்காலியில் வால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை போகணும்னு இருக்கா கண்ணு?" என்று மட்டும் கேட்டேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்புறம், தரையைப் பார்த்துக்கொண்டே: "சார் என் டேப்லெட்ல மெசேஜ் அனுப்புவார். படிச்சதும் அழிச்சிரணும். அம்மாகிட்ட சொன்னா இனிமே சொல்லித் தர மாட்டாராம்."

அந்த அம்மாவின் முகம் — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

சொன்னது நல்லது, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தவர்கள் கேட்கட்டும். நான் கிண்டினால் கெடுத்துவிடுவேன்.

அண்ணன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினான். "ஒண்ணும் நடக்கலையேம்மா. கூப்பிட்டுக் கண்டிச்சு, கமுக்கமா அனுப்பிரலாம். வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்து மானம் போயிரும்."

"எங்க அனுப்புவ? அடுத்த பள்ளிக்கூடத்துக்கா?"

மேசையிலிருந்த ரசீதுகளை அடுக்க ஆரம்பித்தான்.

"நீ போன் பண்றியா, நான் பண்ணட்டுமா?"

மின்விசிறியைப் பார்த்தான். அது சுற்றிக்கொண்டிருந்தது. நானே குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பியானோகாரரிடம் சாவியை வாங்கிக்கொண்டு வாசல் வரை கூடவே போனேன். எனக்கு ஏன் இவ்வளவு நேரம் ஆச்சு? நாளைக்கு ஞாயிறு. நாளைக்கு!

ஜூன் 17, செவ்வாய்

அலுவலகத்து அம்மாள் வந்து, வாலின் டேப்லெட்டை வாங்கிப் போனார். அதற்குள் பெற்றோர் சிலர் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"தங்கமான மனுஷன் மேல இப்படிப் பழி போடலாமா?"

"பரீட்சை நேரத்துல அவரைத் துரத்திட்டீங்களே, எங்க பையன் என்ன பண்ணுவான்?"

உங்கள் பையனிடம் உட்கார்ந்து பேசுங்கள், பரீட்சையைப் பற்றி அல்ல என்றேன். சிலர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் என்னைப் பார்க்காமல் சாப்பிடுகிறான். நன்றாகத்தான் சாப்பிடுகிறான்.

ஜூலை 5, சனி

வயலின்காரர் தானாக வந்து உட்கார்ந்தார். ஒரு பெண்ணிடம் "தொடலாமா?" என்று கேட்டாராம், அவள் "வேணாம் சார்" என்றாளாம். வேறு வழியில்லாமல் அவள் பக்கத்தில் நின்று தானே வாசித்துக் காட்டியிருக்கிறார். பார்த்துப் பார்த்துச் சரியாகப் பிடித்துவிட்டாள்.

"இத்தனை வருஷமா நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துக் கெடுத்திருக்கேன் போல. வெளிய சொல்லிராதீங்க."

"வெளிய சொல்லாதேங்கற பேச்சே இங்க கிடையாது சார்."

சிரிக்க மாட்டாரோ என்று பார்த்தேன். சிரித்தார்.

ஆகஸ்ட் 9, சனி

அலுவலகத்து அம்மாள் போனில் கூப்பிட்டார். வால் விஷயத்தில் செய்திகளோடு நின்றுவிட்டது. அந்த ஆள் முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படி நிற்கவில்லை. அங்கே கமுக்கமாக அனுப்பியிருக்கிறார்கள். வழக்குப் பதிவாகிவிட்டது. ஒலிபெருக்கியில் போட்டு அண்ணனையும் கேட்க வைத்தேன். முழுவதும் நின்றுகொண்டே கேட்டான்.

மத்தியானம் வால் வந்தாள். பியானோ வேண்டாமாம், டிரம்ஸ் வேண்டுமாம். சொல்லித் தருகிற அக்கா குச்சிகளைக் கொடுத்தார். அம்மா உள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"கதவைத் திறந்தே வெச்சுக்கலாமா?" என்றாள் வால்.

அந்த அறைக்கு எதிர் அறை அண்ணனுடையது. தலைவலிக்காரன். எழுந்து வந்தான். ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, கதவு சாத்தாதபடி அண்டக் கொடுத்தான். "அடி பாப்பா" என்றான்.

அடித்தாள். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து, தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்று என்னிடம் சத்தம் போட்டார்.

ரொம்ப சந்தோஷம் என்றேன்.