கிளிஞ்சல் தெரு வீட்டின் மூன்று கூவல்கள்

நீர் நிலைபெறுக, நிலம் விளைக, நெடுங்கடல் போனவர் கரை சேர்க.

வெண்மணல் நாடு முழுவதையும் முத்துக்குடை நிழலில் காத்து வரும் கோப்பெருந்தேவி நிலமங்கை நாச்சியார் திருவாணையால், மாடநல்லூர் அரண்மனை அமைச்சன் அருவியூர்கிழான் தத்தன், சங்குமுனைப் பட்டினத்து நகரத்தார் ஐவர்க்கும், ஆவணக்களரி எழுத்தர்க்கும், தெருத்தோறும் வாழும் குடிமக்களுக்கும் விடுக்கும் ஓலை. உங்கள் துறையில் கலம் பெருகுக. உங்கள் வீடுகளில் விளக்கு அணையாதிருக்க.

ஆட்சியாண்டு பன்னிரண்டு, சித்திரைத் திங்கள் ஒன்பதாம் நாள் உங்கள் பட்டினத்துக் கிளிஞ்சல் தெருவில் ஒரு வீடு கைமாறியது. அது குறித்து அரண்மனை விசாரித்து அறிந்ததை முதலிலிருந்து எழுதுகிறோம். சாட்சி சொன்னவர்களின் வாய்ச்சொல் திருத்தப்படாமல் அப்படியே எழுதப்பட்டுள்ளது. எதையேனும் விட்டிருந்தால் அது கேட்டவர்களின் குறையே அன்றிச் சொன்னவர்களின் குறை அன்று.

உங்கள் துறையை ஆழப்படுத்திப் பெருங்கலங்கள் வர வழிசெய்யும்படி அரசு ஆணையிட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் மேலைக்கடல் வணிகர் பண்டசாலை கட்ட இடம் தேடி வந்தனர். கடலோரத் தெருக்களில் வீட்டு விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. முன்னர்த் திங்களுக்கு ஓர் ஆவணம் எழுதிய களரியில் நாளுக்குப் பத்து எழுதும்படி ஆயிற்று. கிளிஞ்சல் தெருவில் முதல் ஆளாய்த் தன் வீட்டை விற்றவள் வலை பின்னும் உலகி என்பவள். அவள் அரண்மனை விசாரணையாளரிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "வித்த அன்னிக்கு ஊருலயே நான்தான் ராணி. ஆறு மாசம் கழிச்சுப் போயி வெல கேக்கேன், என் வீட்டு அடுக்களையக்கூட அந்தப் பணத்துக்குத் தர மாட்டேங்கானுவ. இப்போ அதே தெருவுல, பின்னாடி ஒத்த அறைக்கு வாடகை குடுத்துட்டுக் கெடக்கேன்."

அதே தெருவில், உப்பு வணிகன் கூத்தாண்டானுக்கு உரிய வீட்டில், முத்துக்குளிக்கும் அடைக்கனும் அவன் மனைவி வெள்ளைநங்கையும் பதினான்கு ஆண்டுகள் குடியிருந்தனர். உடையவன் வீட்டை விற்க முற்பட்டால் களரி எழுத்தர் குடியிருப்பவரை வாசலில் நின்று மூன்று முறை கூவி அழைக்க வேண்டும் என்பதும், அவர் வேண்டும் என்றால் குடிவந்த காலத்து விலைக்கே கொடுக்க வேண்டும் என்பதும் இந்நாட்டின் பழைய நெறி. அந்த நெறியை நம்பியே இருவரும் பருவத்துக்கு ஒரு முத்தாகச் சேர்த்து வந்தனர். பதின்மூன்று முத்துகள் ஒரு துணிமுடிச்சில் அடுக்களைப் பரணில் இருந்தன. பதினான்காவதை எடுக்கவே அடைக்கன் சித்திரை முதல் நாள் தோணி ஏறினான். விலைக்குப் பதின்மூன்றே போதும் என்று உடையவன் முன்பே சொல்லியிருந்தான். ஆயினும் வெறும் கையோடு புதுவீட்டில் விளக்கேற்றக் கூடாது என்பது வெள்ளைநங்கையின் எண்ணம்.

முத்துக்குளிக்கும் குடிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அரண்மனை இப்போதுதான் அறிந்தது. தோணி புறப்பட்ட நாள் முதல் கரை திரும்பும் நாள் வரை, குளிப்பவனின் மனைவி வேற்று ஆணுக்குக் கதவைத் திறப்பதில்லை. அவள் குரல் வாசலைத் தாண்டுவதும் இல்லை. அவள் குரல் வெளியே போனால் நீருக்கடியில் இருப்பவன் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பான் என்றும், திரும்பிப் பார்த்தால் மூச்சை விடுவான் என்றும் அவர்கள் நம்புகின்றனர். உங்கள் பழைய எழுத்தர்கள் இதை அறிந்து, தோணிகள் திரும்பிய பிறகே அந்தத் தெருவில் கூவப் போவார்களாம். ஆவணம் பெருகியதால் மலைப்பக்கத்து ஊர்களிலிருந்து புது எழுத்தர்களை அனுப்பியது அரண்மனையே. அவர்களுள் ஒருவன் எழினி.

ஒன்பதாம் நாள் காலையில் எழினி சுவடியோடு அந்த வாசலில் வந்து நின்று, வீடு விலைக்கு வருகிறது, கொள்வாயோ என்று முறைப்படி கூவினான். உள்ளே வெள்ளைநங்கை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தவள் பரணிலிருந்து முடிச்சை எடுத்தாள். இரண்டாம் முறை கூவினான். அவள் கதவண்டை வந்து நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். நாக்கின் நுனி வரை வந்த சொல்லை எப்படி விழுங்கினாள் என்று கேட்டதற்கு, "முழுங்கல ஐயா, கடிச்சேன்" என்றாள். மூன்றாம் முறை கூவும் முன், பேசாமலேனும் தெரிவிக்கலாம் என்று மூலையில் இருந்த உலக்கையை எடுத்து, உள்ளிருந்து கதவை ஓங்கி இடித்தாள். இருக்கிறேன், வேண்டும், போய்விடாதே என்று அவள் சொன்னது அது.

எழினி பிறந்த மலையூரில் பெண் கேட்டு வருபவரைப் பேசாமல் திருப்பி அனுப்ப ஒரு வழி உண்டு. உள்ளிருந்து உலக்கையால் கதவை இடிப்பார்கள்; வந்தவர் தலை குனிந்து போய்விட வேண்டும். இடிக்கும் ஓசை கேட்டதும் எழினி மூன்றாம் கூவலைத் தாழ்ந்த குரலில் முடித்து, யாரையோ அவமதித்துவிட்டவன் போலக் கூசி, சுவடியில் 'கூவினோம், மறுத்தாள்' என்று எழுதிக்கொண்டு போனான். உள்ளே அவள் இன்னும் இடித்துக்கொண்டிருந்தாள்.

நண்பகலில் உலகி வந்தபோது கதவின் உட்பக்கம் சிராய் சிராயாய்ப் பெயர்ந்து கிடந்தது. அவளை உள்ளே இழுத்துக் காதோடு காதாக வெள்ளைநங்கை சொன்னாள்: "யக்கா, ஓடு. களரிக்கு ஓடிப்போயி வேணும்னு சொல்லு. நான் வேணும்னுதான் சொன்னேன்."

"நீ எங்கட்டி சொன்ன? ஊமைச்சி மாதிரி நின்னிருக்க!"

"உலக்கையால சொன்னேன்க்கா."

உலகி ஓடினாள். ஆனால் வீட்டை வாங்கிய மேலைக்கடல் வணிகரின் ஆட்கள் களரி வாசலிலேயே காத்திருந்ததால், காலையில் எழுதிய ஆவணத்தில் அதற்குள் முத்திரை விழுந்துவிட்டது. முத்திரை விழுந்த ஆவணத்தை வாய்ச்சொல்லால் மாற்ற முடியாது என்று களரியில் சொன்னார்கள். எழினி மட்டும் எழுந்து நின்று, உலக்கையால் இடித்தால் வேண்டும் என்று பொருளா என மூன்று பேரிடம் கேட்டானாம். அதற்குள் அடுத்த ஆவணத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அவள் பானைகளையும் பாயையும் தானே சுமந்து உலகியின் அறைக்குக் கொண்டுபோனாள். ஏழாம் நாள் சுவரை இடித்தார்கள். தெருவே வந்து அவளுக்காகச் சண்டையிட்டது. அவளோ எதிரே மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கப்படி வீட்டுக்குள் பேசலாம். வீடே இல்லாதபோது உள் எது வெளி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆகவே அன்று முதல் உலகியிடமும் பேசவில்லை. இடிப்பவர்களில் ஒருவன், "பாரு, கல்லு மாதிரி இருக்கா. வீடு போனதுல வருத்தமே இல்ல போல" என்றான். உலகி அவன் மேல் மண்ணை அள்ளி வீசினாள்.

சித்திரை இருபத்தொன்றாம் நாள் தோணிகள் திரும்பின. அடைக்கன் ஈரத்தலையோடு, வலக்கையை மூடியபடி தெருவுக்குள் வந்து, வீடு இருந்த இடத்தில் கல் ஏற்றிய வண்டிகள் நிற்பதைக் கண்டான். சுவர் இடிந்த நாளுக்குப் பின், எதிரே மணலில் இருந்த வெள்ளைநங்கை வாய் திறந்து சொன்ன முதல் சொல், "வந்துட்டியளா" என்பது.

"ஏளா, இங்க வந்து கூப்பிடவே இல்லியா?"

"கூப்பிட்டாவ."

"ஒனக்குக் கேக்கலியா?"

"மூணு தரமும் கேட்டுச்சு."

"கேட்டுட்டா சும்மா இருந்த? ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சொல்லிருந்தா..."

"நீங்க தண்ணிக்கடியில இருந்திய."

அடைக்கன் அவள் காலடியில் மணலில் உட்கார்ந்துவிட்டான். மூடியிருந்த கையை அவன் திறந்ததை அன்று ஒருவரும் பார்க்கவில்லை.

இச்செய்தியை அரண்மனைக்குக் கொண்டுவந்தவன் எழினியே. ஆவணத்தின் படியைத் தேவியார் திருமுன் வைத்து, தன்னைத் தண்டிக்கும்படி வேண்டினான். அவன் அறிந்து செய்யவில்லை. அறியாத ஊருக்கு அறிவிக்காமல் அவனை அனுப்பிய குற்றம் இந்த அமைச்சனையும் சாரும்.

ஆகவே ஆணை. வாங்கியவர் முத்திரையை நம்பி வாங்கினார்; அந்த ஆவணத்தை அழித்தால் இவ்வாண்டு எழுதிய எல்லா ஆவணங்களும் ஆட்டம் காணும்; மேலும் திருப்பித் தர அங்கே வீடும் இல்லை. ஆதலால் துறைமேலாளர் குடியிருப்பில் கடல் பார்த்த வீடு ஒன்று இருவருக்கும் விலையின்றித் தரப்படுக. இதை அறிவித்தபோது வெள்ளைநங்கை சொன்னது: "குடுங்க, வாங்கிக்கிடுதோம். ஆனா இதான் ஒங்க வீடுன்னு யாரும் எங்கிட்ட வந்து சொல்லாதிய." அவ்வாறே ஒருவரும் சொல்லாதிருப்பீராக. இனித் தோணிகள் கடலில் இருக்கும் நாள்களில் எந்த வாசலிலும் விலைக் கூவல் கூடாது. வெளியூர் எழுத்தன் எவனும் அத்தெருவின் வழக்கத்தைத் தெருவாரிடம் கேட்டறியாமல் எழுத்தாணி எடுக்கக் கூடாது. எழினி அப்பணியிலேயே தொடர்க. அவன் விட்டு விலக விரும்பினான், தேவியார் இசையவில்லை.

இதுவரை எழுதியதைக் கிளிஞ்சல் தெருவில் முரசறைந்து படித்துக் காட்டுக. இனி வரும் ஏடு நகரத்தார் ஐவர் கண்ணுக்கு மட்டும் உரியது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்க.

விசாரணையை முழுமையாக்கும் பொருட்டுத் தோணியின் தலைவனான சம்மாட்டி கடலனை அழைத்து நாள்வழிக் குறிப்பைக் கேட்டோம். சித்திரை எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று நாள்களும் காற்றால் நீர் கலங்கி அடி தெரியவில்லை, ஒருவரும் குளிக்கவில்லை, தோணிகள் நாரைத்திட்டு மணல்மேட்டில் ஏற்றப்பட்டுக் கிடந்தன என்று அதில் உள்ளது. இதைப் படித்ததும் மறுபடி மறுபடி நாளை எண்ணிப் பார்த்தோம். பிழை இல்லை.

அடைக்கனைத் தனியே அழைத்தோம். அவன் எதையும் மறைக்கவில்லை. "ஆமாய்யா. அன்னிக்குக் காலையில திட்டுல மீனு சுட்டுத் தின்னுட்டு இருந்தோம். எவனோ கத சொன்னான், சிரிச்சிட்டுக் கெடந்தேன். அவ அந்நேரம் வாயக் கடிச்சிட்டு நின்னிருக்கா. வீடு போனதத் தாங்கிட்டா. ஏன்னா, நான் பொழச்சு வந்தேன்ல, அதுக்குக் குடுத்த வெலன்னு நெனச்சுக்கிட்டா. இது தெரிஞ்சா தாங்க மாட்டா. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அந்த ஏட்ட மட்டும் யாருக்கும் காட்டாதிய" என்றான்.

உண்மையை மறைக்க ஆணையிடும் உரிமை அரசுக்கு உண்டா என்பதில் இந்த அமைச்சனுக்கு இப்போதும் தெளிவில்லை. நூல்களில் தேடியும் கிடைக்கவில்லை. தேவியார் இதை இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் முறை முடிந்ததும் முத்திரை மோதிரத்தைக் கழற்றித் தந்தார்.

ஆகவே சம்மாட்டியின் நாள்வழி ஏடு அரண்மனைக் கருவூலத்தில் வைக்கப்பட்டது. திட்டில் உடனிருந்தவர் அனைவரும் வாய்காக்கச் சூளுரைத்துள்ளனர். இந்த ஏட்டை நீங்கள் படித்த அளவில் தீயிலிடுக. ஆட்சியாண்டு பன்னிரண்டு, ஆடித் திங்கள் நான்காம் நாள், தேவியார் சங்கு முத்திரையிட்டது.

வெள்ளைநங்கை என்றேனும் வந்து கேட்டால், அந்த ஒன்பதாம் நாள் காலையில் அடைக்கன் ஆழத்தில் இருந்தான் என்று சொல்லுக. ஐவரும் ஒரே சொல்லாய்ச் சொல்லுக. இஃது ஆணை.