கோதண்டத்துக்கு ஒரு ஜெபம்

அரக்கோணம்
14.8.1988

கிறிஸ்துவுக்குள் பிரியமான அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, மாமியாரோடு அயனம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டீர்களாமே. எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

உங்கள் கணவரின் அடக்கத்தில் நான் ஜெபிக்கவில்லை என்று உங்களுக்குக் கோபம். ஞானஸ்நானம் பெறாதவருக்கு அடக்க ஆராதனை நடத்த என்னைப் போன்ற போதகனுக்கு அனுமதி இல்லை. இது உங்களுக்குத் தெரியாததல்ல.

போன வாரம் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து, 'என் வீட்டுக்காரர் கர்த்தரிடம் இருக்கிறார்' என்று சாட்சி சொன்னீர்களாம். உங்கள் சபைக் கமிட்டி என்னிடம் முறையிட்டிருக்கிறது. அந்த வார்த்தையைத் திரும்பப் பெறும்வரை உங்களுக்குத் திருவிருந்து கிடையாதாம். அவருடைய ஆத்துமாவைக் குறித்து நமக்கு எந்த வாக்குத்தத்தமும் இல்லை, அக்கா. வரும் ஞாயிறு சபையில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுங்கள். விஷயம் அதோடு முடிந்துவிடும்.

உங்கள் தம்பி,
ராஜசேகரன்


அயனம்பாக்கம்
22.8.1988

அன்புள்ள ராஜு,

பதினேழு வருடம் 'மாமா' என்று நீ கூப்பிட்டவர் இப்போது 'உங்கள் கணவர்' ஆகிவிட்டாரா?

கண் போன பிறகு நம் அம்மா ஆறு வருடம் எங்களோடுதான் இருந்தாள். நீ மாதம் ஒருமுறை வந்து, ஜெபித்துவிட்டு ரயில் ஏறுவாய். ஃபாக்டரியிலிருந்து வந்து, கிரீஸ் போகக் கை கழுவி, தினமும் அவளுக்கு வேதம் வாசித்தது யார்? எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். "இன்னா அத்தே, இந்தாளு பேரு வாய்லயே நுழைய மாட்டேங்குது" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள்.

ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், "பாக்கலாம்" என்பார். அதற்குமேல் பேச மாட்டார். ஜூலையில் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் பஸ் ஸ்டாப்பிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்.

அம்மா பரலோகத்தில் இருக்கிறாள் என்று பிரசங்கம் செய்தவன் நீ. 'கோதண்டம் எங்கே?' என்று அவள் அங்கே கேட்டால் என்ன சொல்வார்கள்? நான் சொன்னது சொன்னதுதான். திருவிருந்து கொடுக்காவிட்டால் போகட்டும். அங்கே பந்தியைப் பரிமாறுவது கமிட்டி இல்லை.

அக்கா,
வசந்தகுமாரி


அரக்கோணம்
9.10.1988

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். மாமா அம்மாவுக்குச் செய்ததை மறந்தால் நான் மனிதனே அல்ல. ஆனால் அன்பு வேறு, இரட்சிப்பு வேறு. சிலுவையில் தொங்கிய கள்ளன்கூட 'அடியேனை நினைத்தருளும்' என்று இயேசுவிடம் வாய் திறந்து கேட்டான். மாமா கேட்கவில்லையே.

நீங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டாம். இனிமேல் பேசாமல் இருந்தால் போதும், கமிட்டியை நான் சமாளித்துக்கொள்கிறேன். சபைக் கல்லறைத் தோட்டத்தில் அம்மா பக்கத்தில் உங்களுக்கு ஒதுக்கிய இடமும் உங்களுக்கே இருக்கும். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு அங்கே வருகிறேன். சேர்ந்து ஜெபிப்போம். மாமாவைப் புதைத்த ஏரிக்கரை இடுகாட்டுக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
ராஜு


அயனம்பாக்கம்
3.11.1988

அன்புள்ள ராஜு,

நேற்று அம்மா கல்லறையில் எனக்காகக் காத்திருந்திருப்பாய். நான் விடிந்ததுமே அங்கே பூ வைத்துவிட்டு, மாமியாரை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டேன்.

அவரோடு வேலை செய்த அப்பாவுவும் இன்னும் மூன்று பேரும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

"இன்னா அண்ணி, பாஸ்டரு வர்லியா?" என்றார் அப்பாவு.

"வரல. நானே ஜெபம் பண்ணப்போறேன்."

"பண்ணுங்க. கேட்டுக்கினு நிக்கிறோம்."

நீ சொல்ல மறுத்ததையெல்லாம் நான் சொன்னேன். இவருடைய ஆத்துமாவைச் சேர்த்துக்கொள்ளும் என்று உரக்கக் கேட்டேன். முடித்தபோது யாருக்கும் ஆமென் சொல்லத் தெரியவில்லை. அப்பாவு "சரி அண்ணி" என்றார். பிறகு சொல்லிக் கொடுத்தேன்.

அப்போதுதான் அத்தை மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். "கோதண்டம் மூணு வாட்டி எங்கிட்ட கேட்டாம்மா. உங்க கோயில்ல தண்ணி தெளிச்சிக்கட்டுமான்னு. நான் செத்தா காரியம் பண்ணப் புள்ள வோணும், நான் உசுரோட கீற வரைக்கும் வாணாம்னு சொல்ட்டேன்."

இத்தனை வருடம் என்னிடம்கூடச் சொல்லாமல், தன் தாயைக் காட்டிக் கொடுக்காமல் இருந்திருக்கிறார். அத்தையைக் கட்டிக்கொண்டேன். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். கமிட்டி முன் கொண்டுபோக மாட்டேன். அவருக்காக அவர்களிடம் வாதாட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அம்மா பக்கத்து இடம் வேண்டாமென்று இன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மரித்தோரை எழுப்ப எக்காளம் ஊதும் நாளில் நான் அவர் பக்கத்திலிருந்துதான் எழுந்திருப்பேன். எழுப்புகிறவருக்கு ஏரிக்கரைக்கும் வழி தெரியும்.

என் அடக்கத்துக்கு அங்கியோடு வர முடியாவிட்டால், தம்பியாக வா. வராவிட்டாலும் குறையில்லை. ஆமென் சொல்ல இங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

உன் அக்கா,
வசந்தகுமாரி கோதண்டம்