ஜென்சியை விடுவித்த அணி

புதன், ஐப்பசி பத்து

கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆடும் அக்கா மகள் ஜென்சி காலையில் போன் செய்தாள். ஆறு வருடம் தடுப்பாட்டக்காரியாக ஆடிய அணி அவளை விடுவித்துவிட்டதாம். முழங்கால் இனித் தாங்காது என்று மேனேஜர் இரண்டே நிமிடத்தில் பேசி முடித்துவிட்டாராம்.

"அவங்களுக்காக கோல் போவாம குறுக்க வுழுந்து வுழுந்துதான சித்தி முட்டி போச்சு?" என்று அழுதாள்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர், "இனிமேயாவது கல்யாணம் கட்டிக்கினு வூட்டுல இருக்கச் சொல்லு," என்றார்.

அழுகை சட்டென்று நின்றது. "வச்சிடறேன் சித்தி," என்றாள்.

பீங்கான் கம்பெனியில் நாளெல்லாம் பொம்மைகளுக்கு வர்ணம் பூசினேன். மனம் ஆறவில்லை. சாயங்காலம் மூன்று முறை கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை.

அவர் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஒரு வார்த்தைகூட எதிர்த்துச் சொல்லாததும் கேட்டிருக்கும்.